மணிக்கட்டு தொங்குகிறது, பழுது எங்கே? நரம்பியல் மருத்துவரின் கேள்வி-பதில்

கல்யாண வீட்டில் நாற்காலி முதுகில் கையைத் தொங்கப்போட்டபடியே என் கணவர் தூங்கிவிட்டார். காலையில் வலது மணிக்கட்டைத் தூக்க வரவில்லை. வாய் கோணவில்லை, பேச்சும் காலும் சரியாக இருக்கின்றன. பக்கவாதமா?
- வாசகி, குன்னூர்

வாயோ பேச்சோ காலோ பிசகியிருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இப்போதும் ஒரு டாக்டர் தாமதமின்றி நேரில் பார்க்கட்டும். நீங்கள் சொல்வது, மேற்கை எலும்பைச் சுற்றி வரும் ரேடியல் நரம்பு நசுங்கியது போலிருக்கிறது.

எது போயிற்று என்பதைவிட எது மிச்சமிருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். முழங்கையை நீட்டும் தசைக்கான கிளைகள் மேலேயே பிரிந்துவிடும். மடக்கிய முழங்கையை அவர் பலமாக நீட்டினால் பழுது அக்குளில் இல்லை, அதற்குக் கீழே. அப்புறம், டீ தம்ளர் பிடிப்பது போலக் கட்டைவிரலை மேலே வைத்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதிர்த்து அழுத்துங்கள். முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஒரு தசை கயிறு போலப் புடைக்க வேண்டும். புடைக்காவிட்டால் பழுது முழங்கைக்கு மேலே. அது புடைத்து, மணிக்கட்டும் தூக்க வந்து, விரல்கள் மட்டும் நீளாமல், மரப்பும் இல்லையென்றால் முழங்கைக்குக் கீழே ஓடும் கிளையைச் சந்தேகிப்போம்.

மணிக்கட்டு தொங்கினால் பிடியும் தளரும், விரலை விரிக்கவும் வராது. எல்லா நரம்பும் போயிற்று என்று பதறாதீர்கள். உள்ளங்கையை மேஜையில் தட்டையாக வைத்து விரிக்கச் சொல்லுங்கள், வரும்.

பயிற்சிக் காலத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு தோட்டத் தொழிலாளிக்கு ரேடியல் என்று எழுதிவிட்டேன். மணிக்கட்டைக் கீழே மடக்கும் பலத்தைச் சோதிக்கவே இல்லை. அதுவும் குறைந்திருந்தது; அது முன்கையின் நடுவே ஓடும் மீடியன் நரம்பின் வேலை. இரண்டு நரம்புக்கும் பொதுவான, கழுத்தில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஏழாவது நரம்பு வேரில்தான் அழுத்தம்.

தூக்கத்தில் நசுங்கியது பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் திரும்பிவிடும். அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் பட்டை போடுங்கள்.

கத்தரியால் கொழுந்து எடுக்கிறேன். இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து எழுப்பிவிடுகின்றன, உதறினால் சரியாகிறது. கழுத்துத் தேய்மானம் என்கிறார்கள்.
- வாசகி, கோத்தகிரி

உதறினால் சரியாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மீடியன் நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்படுகிறது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்குங்கள், இன்னொருவர் அழுத்தட்டும். அதில் பலம் குறைந்து முழங்கை நீட்டும் பலம் குறையாமல் இருந்தால் கழுத்தைக் குறை சொல்ல வேண்டாம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போடுங்கள். சர்க்கரையும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் - ஊட்டி வண்டி ஓட்டுகிறேன். ஜன்னலில் முழங்கையை ஊன்றுவது வழக்கம். சுண்டுவிரல் மரத்துப்போகிறது, சாவி திருகப் பலமில்லை.
- வாசகர், உதகை

முழங்கையின் உள்பக்கமாகச் சுண்டுவிரலுக்குப் போகும் அல்னர் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு டிக்கெட்டைப் பிடியுங்கள், ஒருவர் இழுக்கட்டும். கட்டைவிரல் நுனி மடங்கிக்கொண்டால் அல்னர் தசை சோர்ந்து மீடியன் உதவிக்கு வருகிறது என்று அர்த்தம். புறங்கையின் சுண்டுவிரல் பக்கமும் மரத்திருந்தால் பழுது மணிக்கட்டில் இல்லை. அந்தத் தோல் கிளை மணிக்கட்டுக்குச் சில செ.மீ. முன்பே பிரிந்துவிடுகிறது. ஜன்னலை ஏற்றிவிட்டு ஓட்டுங்கள், மலைக் குளிருக்கும் நல்லதுதான். உடம்பில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் சொல்லுங்கள், தொழுநோயும் இதே நரம்பைப் பிடிக்கும்.

கேத்தியில் கேரட் மூட்டை சுமக்கிறேன். ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு சிறகு போலத் துருத்துகிறது.
- வாசகர், கேத்தி

சுவரை இரு கைகளாலும் தள்ளும்போது அதிகம் துருத்தினால் விலாப்பக்கம் இறங்கும் நீண்ட நரம்பின் கோளாறு. மூட்டையை நிறுத்துங்கள், பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

கை பலவீனம் வந்து இரண்டு நாள் ஆகிறது. நரம்புப் பரிசோதனைக்கு உடனே கோவை போகட்டுமா?
- வாசகர், கூடலூர்

ஊசி வைத்துப் பார்க்கும் சோதனையில் தசை மாற்றங்கள் தெளிவாகத் தெரிய சுமார் 3 வாரம் ஆகும். டாக்டரை இப்போதே பாருங்கள், அந்தச் சோதனை பொறுக்கும். கவ்வாத்துக் கத்தி பட்டு வெட்டிய காயம் என்றால் மட்டும் இந்தக் கணக்கு கிடையாது, அறுந்த நரம்பைத் தைக்க வேண்டியிருக்கலாம். அன்றே கிளம்புங்கள்.