கரப்பான் சொறிக்குச் சீனக் கடைப் பொட்டலம்

கேள்வி: என் கணவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். இரண்டு கெண்டைக்காலும் சிவந்து நீர் வடிகிறது. சீன வைத்தியரான சின்சே நாக்கைப் பார்த்து ‘ஈரச்சூடு’ என்றார். இறாலும் நண்டும் வேண்டாம் என்று சொல்லி, காய்ச்சிக் குடிக்க மூலிகைப் பொட்டலம் கொடுத்தார். என் மாமியாருக்கும் முழங்கையில் வறண்டு தடித்த கரப்பான். மிச்சத்தை அவருக்குக் கொடுக்கலாமா? (வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: கொடுக்காதீர்கள். சீன வைத்தியத்தில் இரண்டுக்கும் பெயர் ‘ஷி சென்’, ஈரச்சொறி, காரணம் வேறு. உங்கள் கணவருக்குச் சிவப்பும் எரிச்சலும் சூடு, வடிகிற நீர் ஈரம், அரிப்பு காற்று. ஈரம் கனமானது, கீழே இறங்கும் என்பதால் காலில் வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு நாக்கில் மஞ்சளாய்ப் பிசுபிசுத்த படிவு இருக்கும். பீர், எண்ணெய்ப் பலகாரம், ஐஸ் தண்ணீர் மண்ணீரலைத் தளர்த்தி ஈரத்தைத் தேக்கும் என்பது அவர்கள் கணக்கு. இறாலும் நண்டும் ‘ஃபா வூ’, நோயைக் கிளப்பிவிடும் பண்டம். நம் பாட்டிமாரின் கரப்பான் பண்டமேதான்.

மாமியாருக்கு இரத்தம் குறைந்து, தோலுக்கு ஊட்டம் எட்டாத வறட்சி என்பார்கள். நாக்கு வெளுத்திருக்கும், அரிப்பு இரவில் கூடும். ஈரத்தை வற்றடிக்கும் கசப்பு மூலிகை உள்ளே போனால் தோல் இன்னும் வெடிக்கும். அவருக்குத் தாங் குய் என்ற சீன மூலிகை வேரை எழுதிக் கொடுத்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம்.

வடிகிற காலுக்குப் பருப்புக்கீரை ஒற்றடம் போடலாம். பச்சைக் கீரை 60 கிராமை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு போட்டால் அரிப்பும் வடிதலும் ஏறும். ஆறேழு மடிப்புத் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, 20 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. வடிதல் நின்றதும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தோல் வறண்டு வெடிக்கும். கீரையைத் தோட்டத்து ஓரத்தில் பறிக்காதீர்கள், அங்கே புல்லைக் கொல்லும் மருந்து அடித்திருப்பார்கள்.

சிவப்பு எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். ரப்பர் பூட்ஸின் மேல்விளிம்போடு கோடு போட்டாற்போல் நின்றால், ரப்பரில் சேர்க்கும் ரசாயனத்தின் மேல்தான் முதல் சந்தேகம். அந்த பூட்ஸ் காலில் இருக்கும்வரை எந்தக் கஷாயமும் பிடிக்காது. பிவிசி பூட்ஸுக்கு மாறி, பருத்திக் காலுறையைத் தினமும் மாற்றச் சொல்லுங்கள்.

யாராவது களிம்பு கொடுத்தால் டப்பாவில் மலேசிய சுகாதார அமைச்சின் ‘எம்ஏஎல்’ (MAL) மருந்துப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாமல், இரண்டே நாளில் எல்லாம் மறைந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். விட்டதும் முன்னைவிட மோசமாய்த் திரும்பும். காய்ச்சல், சீழ், தேன் நிறப் பொருக்கு வந்தால் அன்றைக்கே கிளினிக்.