உங்கள் மகன் ஏமாற்றவில்லை

ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அதிகப்படியான துறுதுறுப்பும் சேர்ந்த மூளை வளர்ச்சிக் குறைபாடு) உள்ள மகன் "அஞ்சு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வருகிறான், வேண்டுமென்றே செய்கிறானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. பெரும்பாலும் அவனுக்கு அது அஞ்சு நிமிஷமாகத்தான் தெரிந்திருக்கும். நேரத்தைக் கணிப்பதில், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏடிஹெச்டியில் அதன் செயல்பாடு மாறுபடுவதாகக் கருதப்படுகிறது. டோபமைன் குறையும் பார்க்கின்சன் நோயிலும் நேரக் கணிப்பு தடுமாறும்.

திட்டிப் பயனில்லை, நேரத்தைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். முள் கடிகாரத்தின் கண்ணாடியில், இப்போது பெரிய முள் நிற்கும் இடத்திலிருந்து அவன் கிளம்ப வேண்டிய நேரத்தில் அது வந்து நிற்கும் இடம் வரை ஒயிட்போர்டு மார்க்கரால் வண்ணம் தீட்டுங்கள். முள் நகர நகர மிச்சம் குறைவது தெரியும். டிஜிட்டல் கடிகாரத்தில் இது தெரியாது.

அப்புறம், டாக்டரிடம் படிப்பைப் பற்றி மட்டும் பேசாமல் இந்த நேரத் தடுமாற்றத்தையும் கட்டாயம் சொல்லுங்கள்.