விளையாட்டு வாத்தியார் பதில்கள்

கேள்வி: என் மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், ஊர் கபடி டீமில் ஆடுகிறான். நியூசிலாந்து ரக்பி வீரர் ஜோனா லோமுதான் அவனுக்கு எல்லாம். இரண்டு வாரமாகச் சாயங்காலமானால் அவனுக்கு இரண்டு காலும் வீங்குகிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், ‘லோமு கிட்னி கெட்டும் ஆடினார், எனக்கென்ன’ என்கிறான். அது நிஜமா?
- ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: நிஜம்தான், தாயி. ஆனால் உங்கள் மகன் பாதிக் கதையைத்தான் தெரிந்து வைத்திருக்கிறான். இதை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

1995 ஜூன் 18, கேப்டவுன். உலகக் கோப்பை அரையிறுதி, எதிரே இங்கிலாந்து. லோமுவுக்கு வயது 20, உயரம் ஆறடி ஐந்து அங்குலம். பந்தை வாங்கி ஓடுகிறார். இங்கிலாந்து வீரர் வில் கார்லிங் பின்னாலேயே விரட்டி வந்து கணுக்காலைத் தட்டினார். நம் பிள்ளைகள் கபடியில் கணுக்காலைக் கவ்வுவார்களே, அந்த இடம்தான். லோமு தடுமாறினார், விழவில்லை. தடுமாறிய வேகத்திலேயே எதிரில் நின்ற மைக் காட் மேல் ஏறிப் போய், கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில் வைத்தார். அதைத்தான் ‘ட்ரை’ என்கிறார்கள். அன்று மட்டும் நான்கு ட்ரை. மதுரையில் முப்பது வருஷம் பிள்ளைகளை ஓட விட்டுப் பார்த்தவன் நான். அந்த ஓட்டத்தை இன்றைக்குப் பார்த்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அந்த வருஷக் கடைசியிலேயே நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்று கண்டுபிடித்தார்கள். சிறுநீரில் புரதம் கழிந்து, கால் வீங்குகிற சிறுநீரக நோய். அவர் வைத்தியத்துக்கு ஒத்துக்கொண்டார், 1997-இல் மாதக்கணக்கில் ஆடவில்லை. பிறகுதான் 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை. மொத்தம் 63 டெஸ்ட், அதாவது நாட்டுக்காக ஆடிய ஆட்டம், 37 ட்ரை. தென்னாப்பிரிக்காவிடம் ஒன்றுகூட எடுக்க முடியவில்லை.

2003-இல் டயாலிசிஸ். 2004-இல் கிராண்ட் கெரியாமா என்ற வானொலி அறிவிப்பாளர், சொந்தக்காரர்கூட இல்லை, நண்பர், தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். 2011-இல் அதுவும் செயலிழந்தது. மறுபடி டயாலிசிஸ். 2015 நவம்பர் 18-இல் இறந்தார். வயது 40.

என் தம்பி வாரம் இரண்டு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறான். நான்கு மணி நேரம் படுத்துக் கிடந்து வீடு திரும்பினால், ஒரு குடம் தண்ணீர் தூக்கத் தெம்பிருக்காது. முதலில் அவனுக்கும் கால்தான் வீங்கியது. ‘நடந்த அசதி’ என்று ஒரு வருஷம் விட்டுவிட்டோம். அந்த ஒரு வருஷம் இன்னும் என்னைத் தூங்க விடவில்லை.

ஒரு காலில் அடிபட்டு வீங்குவது வேறு. இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால், காலையில் கண்ணிமை உப்பினால், சிறுநீர் நுரைத்துப் போனால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. உடனே உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மைதானம் வேண்டாம், கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம்.

தம்பி, நீ வாசிக்கிறாய் என்று தெரியும். லோமு டாக்டரிடம் காட்டினார். நீயும் காட்டு. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுது.