1835 காலணாவில் உள்ள சின்னத்தைப் படிப்பது எப்படி?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் 1835 என்று பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிச் செப்புக் காலணா கிடைத்தது. நடுவில் சிலுவை போட்ட கேடயம், இருபுறமும் சிங்கங்கள். சின்னத்தின் விளக்கத்தில் 'வலது மேல் மூலையில் சிறு கேடயம்' என்றிருக்கிறது. என் காசிலோ அது இடது பக்கம். போலியா?

பதில்: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. கேடயத்தைப் பிடித்து நிற்பவனின் வலதுதான் கணக்கு. அது நமக்கு இடது. அந்தப் பக்கத்துக்கு 'டெக்ஸ்டர்' என்று பெயர், எதிர்ப்பக்கம் 'சினிஸ்டர்'. டெக்ஸ்டர் பக்கத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதனால்தான் அரச சின்னமான சிறு கேடயம் அங்கே இருக்கிறது.

விளக்கம் எழுதுவதற்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் பரப்பின் நிறம், பிறகு அதன் மேலுள்ள உருவம், கடைசியில் உருவத்தின் நிறம். இந்தக் கேடயம் 'ஆர்ஜென்ட், எ க்ராஸ் கூல்ஸ்', அதாவது வெள்ளிப் பரப்பில் சிவப்புச் சிலுவை. செம்பில் நிறம் ஏது என்கிறீர்களா? 1638-இல் பெட்ரா சாங்க்டா என்ற சேசு சபைப் பாதிரியார் தம் நூலில் கையாண்ட கோட்டுமுறை இன்றுவரை உதவுகிறது. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன், வெறுமை வெள்ளி. ஆனால் காசுக்கு அச்சு வெட்டியவர்கள் எல்லாரும் இதைப் பின்பற்றவில்லை. கோடு இல்லாததை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

சிறு கேடயத்தில் லில்லிப் பூக்கள் பிரான்சைக் குறிக்கும், சிங்கங்கள் இங்கிலாந்தை. மூன்றாம் எட்வர்டு 1340-இல் பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரியதன் மிச்சம் அது. பிரிட்டிஷ் அரசர்கள் 1801-இல் தங்கள் சின்னத்திலிருந்து லில்லியை நீக்கிவிட்டார்கள். கம்பெனியோ 1698-இல் வாங்கிய சின்னத்தைக் கடைசிவரை மாற்றவில்லை. ஆகவே 1835 காசில் லில்லி இருப்பது தவறில்லை.

கொடி பிடித்திருக்கும் இரு சிங்கங்கள் 'சப்போர்ட்டர்'கள். பின்னங்காலில் எழுந்து நின்றால் 'ராம்ப்பன்ட்'; முகம் நம்மைப் பார்த்தால் கூடவே 'கார்டன்ட்'. மேலே கிரீடத்தை ஏந்தி நிற்கும் சிங்கம்தான் 'கிரெஸ்ட்'. முழுச் சின்னத்தையும் கிரெஸ்ட் என்பது பத்திரிகைகளிலும் சகஜமாகிவிட்டது, ஆனால் பிழை. கீழே நாடாவில் இருப்பது லத்தீன் வாசகம்: இங்கிலாந்து அரசர், நாடாளுமன்றம் ஆகியோரின் ஆதரவில் என்று பொருள்.

புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்; மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். பக்கவாட்டு வெளிச்சத்தில், 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். எடையையும் பாருங்கள்: அச்சடித்தபோது நிர்ணயித்த எடை 100 கிரெய்ன், சுமார் 6.5 கிராம். தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். உண்மையான போலி வேறு ரகம்: ராமர், சீதை உருவத்தோடு '1818, ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்று விற்கப்படுபவை. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை.