கட்டிலையும் காய்த்துருவியையும் காட்சிக்கு வைத்தால் கலையா?

கேள்வி: வீட்டுச் சாமான்களைக் கண்காட்சியில் வைத்துவிட்டு, சிறுவயது நினைவு, வன்முறை என்றெல்லாம் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

நானும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான், மோனா ஹாட்டூம் என்ற கலைஞரின் ‘இன்கம்யூனிகாடோ’வை (வெளித்தொடர்பில்லாமல் அடைபட்ட நிலை என்று அர்த்தம்) போட்டோவில் பார்க்கும்வரை. 1993இல் செய்தது. ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குப் போடும் பழைய இரும்புக் கட்டில். கால், பக்கத்துக் கம்பித் தடுப்பு எல்லாம் வழக்கம்போலத்தான். மெத்தையைத் தாங்கும் அடிப்பாகத்தில் மட்டும் சீஸ் அறுப்பது போன்ற மெல்லிய கம்பிகளை விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார். ரத்தம் கிடையாது, ஒரு பொம்மைகூடக் கிடையாது. பிள்ளையை அதில் படுக்கவைத்துப் பார்க்கிற வேலையை நம் தலையில் கட்டிவிட்டார். எனக்கு முதுகு கூசியது.

ஹாட்டூம் 1952இல் பெய்ரூட்டில் பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்தவர். 1975இல் லண்டன் போயிருந்தபோது லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். அவர் செய்ததற்கெல்லாம் இதையே காரணம் காட்டுவது சோம்பேறித்தனம். ஆனாலும் ‘ஹோம்பவுண்ட்’ (2000) என்ற படைப்பில் காய்த்துருவி மாதிரியான சமையல் சாமான்களையும் மேசை நாற்காலிகளையும் ஒயரால் இணைத்துக் கரண்ட் ஓடவிட்டிருப்பதைப் பார்த்தால், இழந்த வீடு நினைவுக்கு வராமல் இருக்காது. விளக்குகள் மங்கி மங்கி எரியும், ரீங்காரம் கேட்கும், நாம் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான்.

இதற்குப் போர்தான் நடந்திருக்க வேண்டும் என்றில்லை. பாரிஸில் பிறந்த சிற்பி லூயீஸ் பூர்ஷ்வா, வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்த பெண்ணுடன் அப்பாவுக்கு இருந்த உறவைப் பார்த்து வளர்ந்தவர். எண்பது வயதுக்கு மேல், பழைய உடைகளை எடுத்து மாட்டெலும்புகளில் தொங்கவிட்டார்.

அதற்காக வைப்பதெல்லாம் தேறாது. உடைந்த பொம்மைமேல் சிவப்புப் பெயின்டை ஊற்றினால் அது பேய்ப்பட போஸ்டர். பொருள் தன் பழைய வேலையையும் மறக்காமல் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பனையோலை விசிறி அப்படித்தான். கரண்ட் போன ராத்திரிகளில் அம்மா தூங்காமல் எனக்கு விசிறுவார். மார்க் குறைந்தால் அதையே திருப்பிப் பிடித்துக் காம்பால் போடுவார். போன வருஷம் ஊருக்குப் போனபோது, ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்த அந்த விசிறியைக் கேட்டேன், சுவரில் மாட்டலாம் என்று.

“அதைக் கொண்டுபோயிட்டா, கரண்ட் போனா நான் என்ன பண்றது?” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.