'சிட்டி ஆஃப் ஆஷஸ்' நாவலை ரசிக்க பைபிள் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் முதல் பாகமான 'சிட்டி ஆஃப் போன்ஸ்' கட்டாயம். கசான்ட்ரா கிளேர் 2008-இல் எழுதிய இந்த இரண்டாம் பாகம் அதன் முடிவிலிருந்தே தொடர்கிறது.

நியூயார்க்கில் பேய்களை வேட்டையாடும் இந்தக் கதையின் வீரர்கள் நெஃபிலிம்கள். ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் தேவகுமாரர்கள் மனிதப் பெண்களை மணக்கிறார்களே, அந்தப் பகுதியில் வருகிற பெயர் அது. நாவலில் பிறப்புக் கதை வேறு: ரசியேல் என்ற தேவதூதன் தன் இரத்தத்தை மனித இரத்தத்தோடு ஒரு கிண்ணத்தில் கலந்து குடிக்கக் கொடுக்கிறான். ரசியேல் பைபிளில் இல்லை, யூத மரபிலிருந்து வந்தவன். தேவதூதனின் பெயரைச் சொன்னால்தான் இவர்களுடைய வாள் ஒளிரும். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் அதுதான். பைபிளைப் புரட்ட விரும்பினால் அந்த ஓர் அதிகாரம் போதும்.

காதல்தான் சிலருக்கு நெருடும். நாயகி கிளேரியும் நாயகன் ஜேஸும் தாங்கள் உடன்பிறந்தவர்கள் என்று நம்பிக்கொண்டே தவிக்கிறார்கள். இடையில் கிளேரியின் நண்பன் சைமன் வேறு. அந்தத் தவிப்பில் குற்றவுணர்வை ஆசிரியர் மழுப்பாமல் எழுதியிருக்கிறார், அதனால் எனக்கு ஒட்டியது. உங்களுக்கு அது ஒவ்வாது என்றால் இந்தப் பாகம் கஷ்டம்தான். சரி, தாண்டிவிட்டால் 2009-இல் வந்த மூன்றாம் பாகத்தையும் கையோடு எடுத்துவிடுங்கள், அந்த முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது.