தட்டில் வளர மறுக்கும் உயிர்கள்: நுண்ணுயிர்கள் பற்றிக் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதி குடலைப் பற்றியவை. மீதி வெந்நீர் ஊற்று, செவ்வாய், பிளாஸ்டிக் என்று பரந்து கிடக்கின்றன. பல ஆண்டுகள் நுண்ணுயிர்களை வளர்த்தும் வளர்க்க முடியாமல் தவித்தும் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவர்: ஐயா, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் செத்துவிடும் என்று படித்தேன். கொதிநிலைக்கு மேலும் வாழும் உயிர்கள் உண்டு என்கிறார்களே?

இரண்டும் உண்மைதான், தம்பி. நமக்கு நோய் தரும் கிருமிகள் பெரும்பாலும் நம் உடல் சூட்டுக்குப் பழகியவை. கொதிநீரில் அவற்றின் புரதங்கள் உருக்குலைந்துவிடும். ஆனால் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் மெத்தனோபைரஸ் காண்ட்லெரி என்ற ஆர்க்கியாவை (பாக்டீரியாவைப் போல் தோன்றினாலும் வேறு குலத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிர்), ஜப்பானிய ஆய்வாளர்கள் 122 டிகிரி செல்சியஸில் வளர்த்துக் காட்டினார்கள். ஆழ்கடலின் அழுத்தத்தை ஆய்வகத்திலும் கொடுத்ததால் அந்தச் சூட்டிலும் நீர் ஆவியாகவில்லை.

வெந்நீர் உயிர்களில் நீ அவசியம் அறிய வேண்டியது இன்னொன்று. 1966இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் தாமஸ் பிராக் என்பவரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 1969இல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டார்கள். மருந்தோ தொழிலோ அவர்கள் மனதில் இல்லை. அந்தச் சூட்டில் என்னதான் வாழ்கிறது என்று பார்க்கப் போனவர்கள். பிறகு 1983இல் கேரி மல்லிஸ், டி.என்.ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் முறையைக் கண்டுபிடித்தார். அதில் ஒவ்வொரு சுற்றிலும் கலவையைக் கிட்டத்தட்ட 95 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். டி.என்.ஏவைப் படியெடுக்கும் சாதாரண நொதி அந்தச் சூட்டில் அழிந்துபோகும்; சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. வெந்நீர் பாக்டீரியாவின் நொதியோ அசையவில்லை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளைச் சோதித்த பி.சி.ஆர் முறை பரவலானது இந்த நொதியால்தான்.

செவிலியர் ஒருவர்: மனித செல்களைப் போல் பத்து மடங்கு பாக்டீரியா நம் உடலில் இருப்பதாக வகுப்பில் சொல்லித் தந்தார்கள். இப்போது இல்லை என்கிறார்களே?

அது பழைய உத்தேசக் கணக்கு. 2016இல் இஸ்ரேலிலும் கனடாவிலும் உள்ள ஆய்வாளர்கள் திரும்பக் கணக்கிட்டார்கள். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனித செல் சுமார் 30 லட்சம் கோடி. ஏறத்தாழ சரிக்குச் சரி. அத்தனை பாக்டீரியாவும் சேர்ந்து சுமார் 200 கிராம்தான்.

வாசகி ஒருவர்: ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்ததும் குடலைச் சரிசெய்யப் புரோபயாட்டிக் எனும் நல்ல நுண்ணுயிர் மாத்திரை எடுக்கலாமா?

எல்லோரும் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அம்மா. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் புரோபயாட்டிக். இன்னொரு குழுவுக்கு முன்பே சேமித்து வைத்த அவரவர் மலத்தின் நுண்ணுயிர்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. சொந்த நுண்ணுயிர்களைத் திரும்பப் பெற்றவர்கள் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்தார்கள். புரோபயாட்டிக் எடுத்தவர்களின் குடல், ஒன்றும் எடுக்காதவர்களைவிடத் தாமதமாகத் தேறியது. வந்தேறிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு சொந்தக் குடிகளை உள்ளே விடவில்லை. இது சிறிய ஆய்வு என்பதையும் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைச் சில புரோபயாட்டிக்குகள் குறைப்பதாகக் காட்டும் ஆய்வுகளும் உள்ளன. உங்கள் மருத்துவர் காரணம் சொல்லித் தந்தால் எடுங்கள்.

மலத்தை மருந்தாகக் கொடுப்பது உண்மையிலேயே நடக்கிறதா?

நடக்கிறது, அருவருப்பை ஒதுக்கிவிட்டுக் கேளுங்கள். க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்ற பாக்டீரியா, ஆன்டிபயாடிக்கால் வெறுமையான குடலில் புகுந்து உயிரையே எடுக்கக்கூடியது. 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இது திரும்பத் திரும்ப வந்த 16 பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மலக் கரைசலைக் கொடுத்தார்கள். முதல் முறையிலேயே 13 பேர் குணமானார்கள். 2023இல் அமெரிக்க அரசு இதே நோய் மீண்டும் வராமல் தடுக்க, மலத்திலிருந்து பிரித்த பாக்டீரிய வித்துகள் கொண்ட விழுங்கும் மாத்திரைக்கு ஒப்புதல் தந்தது. மற்ற நோய்களுக்கெல்லாம் இது தீர்வு என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

மருந்தியல் மாணவி: புதிய ஆன்டிபயாடிக்குகள் ஏன் வருவதில்லை?

என்னை உறங்கவிடாத கேள்வி இது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக 2019இல் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் பழைய ஆன்டிபயாடிக்குகளில் பல, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தந்தவை. ஆனால் மண்ணில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர்வதில்லை. சுலபமாக வளர்ந்தவற்றையே நாம் மீண்டும் மீண்டும் துருவினோம், கண்டதையே கண்டோம்.

இதற்கு ஒரு வழியை அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் கண்டார்கள். தட்டில் வளராதா, மண்ணிலேயே வளரட்டும் என்று, சிறு துளைகள் கொண்ட ஒரு தகட்டில் துளைக்கு ஒரு செல் வீதம் வைத்து, இருபுறமும் சவ்வால் மூடி, மண்ணுக்குள்ளேயே புதைத்தார்கள். அப்படிக் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 2015இல் டெய்க்ஸோபாக்டின் என்ற புதிய பொருள் வெளிவந்தது. பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறுகளையே பிடித்துக்கொள்வதால், அதை எதிர்க்கப் பழகுவது கிருமிகளுக்குக் கடினம். ஆய்வகக் கண்டுபிடிப்பு மருந்துக் கடைக்கு வரும் பாதை நெடியது, செலவும் மிகுதி. லாபம் குறைவென்று பெரிய நிறுவனங்கள் பல விலகிவிட்டன. இது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா குப்பை மேட்டைத் தீர்த்துவிடுமா?

தனியாகத் தீர்க்காது. 2016இல் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட இடியோனெல்லா சகாயென்சிஸ், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் வகைப் பிளாஸ்டிக்கை மட்டுமே தின்னும். அதுவும் மெல்லிய ஏட்டை வாரக்கணக்கில். வேகம் கிடைத்தது வேறொரு நொதியைத் திருத்தியமைத்தபோது: 2020இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பொடித்த பெட்டில் 90 விழுக்காட்டைப் பத்து மணி நேரத்தில் மூலப்பொருட்களாகப் பிரித்தார்கள். பாலித்தீன் பைக்கு இது உதவாது.

செவ்வாயில் நம் பாக்டீரியா பிழைக்குமா?

பிழைத்துக் கிடப்பது வேறு, வளர்வது வேறு. டெய்னோகாக்கஸ் ரேடியோட்யூரன்ஸ் என்ற பாக்டீரியாவின் காய்ந்த திரள்கள், விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தும் முழுதாகச் சாகவில்லை. வெளி அடுக்கு செத்து உள் அடுக்கைக் காத்தது. திரவ நீரில்லாமல் அது பெருகாது.

ஆய்வுக்குப் போக விரும்பும் மாணவர்: ஒரு நுண்ணுயிரை வளர்க்க எவ்வளவு காலமாகும்?

குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா என்றால் ஒரே இரவு. ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயுகி இமாச்சியின் குழுவுக்கோ 12 ஆண்டுகள் ஆயின. 2006இல் ஜப்பான் அருகே ஆழ்கடல் சேற்றை எடுத்து வந்து, மீத்தேன் செலுத்திய கலனில் 2,000 நாட்களுக்கு மேல் வைத்திருந்தார்கள். அதிலிருந்து கிடைத்த அஸ்கார்டு வகை ஆர்க்கியா, நம் செல்களின் மூதாதையருக்கு நெருங்கிய உறவு. அது ஒருமுறை இரட்டிப்பாக 14 முதல் 25 நாட்கள். தனியாக வளராது, உடன் இன்னொரு நுண்ணுயிர் வேண்டும். முடிவு 2020இல் வெளியானபோது, செல்லிலிருந்து நீண்ட கைகள் கிளை விட்டிருந்த அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.